அந்தோனியார் சுவரைப் பார்த்து நின்ற ஞாயிற்றுக்கிழமை

மல்வேர்னில், என்னோடு வேலைசெய்யும் ஜெனிற்றாவின் வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு மேலே ஒரு தட்டு இருக்கிறது. மாதா, இருதய ஆண்டவர், செபஸ்தியார், நடுவில் பற்றரியில் எரியும் ஒரு மெழுகுதிரி. அன்றைக்கு மற்ற எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தோனியாரின் சுரூபம் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தூசு தட்டியவர்கள் மாறி வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, திருப்பி வைக்கக் கையை நீட்டினேன்.

“தொடாதை தம்பி!” குசினிக்குள்ளிருந்து ஜெனிற்றாவின் அம்மா சத்தம் போட்டார். “அவர் அப்பிடியே நிக்கட்டும்.”

“என்ன அன்ரி, பனிஷ்மென்ரோ?”

“பின்னை? துலைஞ்சதை எடுத்துக் குடுக்கிறவர் எண்டுதானே இவருக்குப் பேர்! என்ர தோடு துலைஞ்சு ஒரு கிழமையாப் போச்சு. நவநாளுக்குப் போனன், திரி கொளுத்தினன், அழுதும் பாத்தன். அவர் அசையிறாரில்லை. தோட்டை எடுத்துத் தரட்டும், திருப்பி விடுறன். அதுவரைக்கும் சுவரைப் பாத்து யோசிக்கட்டும்.”

“அம்மா, அவற்ர கையில குழந்தை யேசுவும் இருக்கிறாரெல்லோ,” என்றாள் ஜெனிற்றா. “அவர் என்ன பிழை விட்டவர்? அவரும் சேர்ந்து சுவரைப் பாக்கிறார்.”

“அவருக்கு நான் பேந்து சொறி சொல்லுவன். நீ சலாட்டை வெட்டு.”

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ ஒன்று சடாரென்று இடம் மாறி உட்கார்ந்தது. கையிலிருந்த ரோல்ஸைக் கடிக்க மறந்துவிட்டேன். ஒன்றரை வருடமாக நாங்கள் செய்த வேலை முழுக்கத் தலைகீழ் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது.

எங்கள் கணினி கேம் ஸ்டூடியோவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் போகிறேன். முப்பத்தொரு வயதில் ஓய்வுபெறும் முதல் ஆள் நான்தான் என்று எங்கள் தலைவி ஹர்லீன் கேலி செய்கிறாள். இந்தத் தொழிலில், அதுவும் கீழே கார் ரயர் கடையும் மேலே நாங்களுமாக இருக்கும் இந்தக் கட்டடத்தில், இத்தனை வருடம் தாக்குப்பிடித்தால் ஓய்வூதியமே தரவேண்டும். போவதற்கு முன், உங்களில் பலர் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் எழுதிவைக்கிறேன்: நம்முடைய கேமுக்குள் புனிதர்கள் எப்படி வந்தார்கள்?

உண்மையில் கேட்கவேண்டிய கேள்வி, அவர்கள் எப்படி வெளியே போகாமல் தப்பினார்கள் என்பதுதான்.

கேம் உங்களுக்குத் தெரியும். நடுக்கால ஐரோப்பாவில் ஒரு சிறிய ஊர், ஓர் ஆறு, நெசவாளர்கள், ஒரு மடம், குதிரையில் திரியும் ஒரு பிரபு. விளையாடுபவர் மடத்தின் தலைவர். நான் பல்கலைக்கழகத்தில் இந்தக் காலத்து வரலாறு படித்தவன். அதனால் புனிதர்கள் பகுதி என் தலையில் விழுந்தது. நானும் ஆசையோடுதான் வாங்கிக்கொண்டேன். அந்தக் காலத்து மனிதருக்குப் புனிதர் இல்லாத இடமே கிடையாது. பல்வலிக்கு ஒருவர், செருப்புத் தைப்பவர்களுக்கு ஒருவர், கடலில் போகிறவர்களுக்கு ஒருவர். வாடகை கொடுக்கும் நாளைக்கூட இன்ன புனிதரின் திருநாள் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் என்ன செய்தோம்? அத்தனை பேரையும் பொத்தான்களாக ஆக்கினோம். மெழுகுதிரி கொடுத்தால் பல்வலி போகும். இன்னும் பெரிய மெழுகுதிரி கொடுத்தால் வெள்ளம் வடியும்.

வரைந்தவள் ஜெனிற்றா. அவளை வேலைக்கு எடுத்ததே புனிதர்களை வரையத்தான். மன்னார்க் குடும்பம், தேவாலயத்துக்குள் வளர்ந்தவள். ஊரின் தலைமைப் புனிதராக நாங்களே ஒருவரை உண்டாக்கி, கெரிவால்ட் என்று பெயர் வைத்தோம். எப்போதோ இறந்துபோன ஆயர். அவருடைய கை எலும்பு ஒன்று, கை வடிவத்தில் செய்த வெள்ளிப் பேழைக்குள் மடத்துப் பீடத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட பேழைகள் அந்தக் காலத்தில் உண்மையாகவே இருந்தவை. ஜெனிற்றா அந்தக் கையை எப்படி வரைந்தாள் தெரியுமா? விரல்கள் ஆசீர்வாதம் கொடுப்பது போலவும் இருக்கும், “பொறு, வாறன்” என்று சொல்வது போலவும் இருக்கும். ஸ்டூடியோ முழுக்க அவரைக் கெரி அண்ணை என்றுதான் கூப்பிட்டது. ஹர்லீன்கூட. ரெக்ஸ்டேலில் வளர்ந்த பஞ்சாபிப் பெண்ணின் வாயில் ‘அண்ணை’ அவ்வளவு அழகாக வரும்.

படம் அழகு. விளையாட்டு செத்துப்போயிருந்தது. வெளியாரை இருத்தி விளையாட விட்டுப் பார்த்தோம். மடத்துக்குள் போவார்கள், பொத்தானை அழுத்துவார்கள், வெளியே வருவார்கள். கையின் அழகை ஒருவரும் நின்று பார்க்கவில்லை. ஒரு பையன் கொட்டாவியோடு சொன்னான்: “காசு போட்டால் கோக் வரும் மெஷின் மாதிரி இருக்கு.”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஹர்லீன் எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். கேமை வெளியிடும் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் மூன்று கிழமையில் வருகிறார்கள். புனிதர்கள் பகுதியை வெட்டச் சொல்லி ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு வெளியாள் விளையாடட்டும். அன்றைக்கும் இதே கொட்டாவிதான் என்றால் வெட்டுவதைத் தவிர வழியில்லை. அவள் நேர்மையானவள். மிச்சத்தையும் மறைக்காமல் சொன்னாள். புனிதர்கள் போனால் ஜெனிற்றாவுக்கு இங்கே வேலை இல்லை.

படி இறங்கும்போது ஜெனிற்றா சிரித்தாள். “கெரி அண்ணைக்கு ஒரு கைதான் இருக்கு. அதிலதான் என்ர வேலையும் தொங்குது,” என்றாள். பிறகு, “ஞாயிற்றுக்கிழமை வீட்ட வா. அம்மா சமைக்கிறா. வயிறு காஞ்சா உனக்கு ஐடியா வராது,” என்றாள்.

அப்படித்தான் நான் அந்த அந்தோனியாரின் முதுகுக்கு முன்னால் போய் நின்றேன்.

இப்போது கொஞ்சம் படிப்பு. பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் மடத்துக்குக் காணி எழுதுகிறவர்கள் புனிதருக்கே எழுதினார்கள். நம்மூரில் கோயில் காணி சாமிக்குச் சொந்தமாக இருப்பது போலத்தான். அந்தக் காணியில் உழுகிறவர்கள் புனிதரின் ஆட்கள். அப்படியென்றால் ஒரு பிரபு குதிரையோடு வந்து புல்வெளியைப் பிடித்துக்கொண்டால், பறிகொடுத்தவர் புனிதர். காவல் செய்யவேண்டியவரும் அவரே. அவர் சும்மா இருந்தால்? சில மடங்களில் துறவிகள் அவருடைய எலும்புப் பேழையைப் பீடத்திலிருந்து இறக்கி வெறும் தரையில் வைத்தார்கள். சுற்றிவர முட்களைப் போட்டார்கள். விளக்கை அணைத்தார்கள். உன் ஆட்கள் படும் பாட்டை நீயும் படு என்று அர்த்தம். பிரபு இறங்கி வரும்வரை புனிதர் தரையில்தான்.

இதை நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன். ஆனாலும் கேம் செய்ய உட்கார்ந்தபோது எனக்கு மெழுகுதிரியும் பொத்தானும்தான் நினைவுக்கு வந்தன. படித்தது ஒரு அறையிலும், வீடுகளில் பார்த்தது இன்னொரு அறையிலுமாக மூளைக்குள் கிடந்திருக்கிறது. அன்ரி அந்தோனியாரைக் கோபித்தபோதுதான் நடுச்சுவர் விழுந்தது. கோபிக்க முடிகிற ஒருவரோடுதான் உறவு இருக்கமுடியும். கோக் மெஷினோடு யாரும் கோபித்துக்கொண்டு இருப்பதில்லை, உதைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

திங்கட்கிழமை காலை ஹர்லீன் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன்: “கெரி அண்ணையை நிலத்தில் வைக்கப்போகிறோம்.”

“அவர் என்ன செய்தார்?”

“ஒன்றும் செய்யவில்லை. அதுதான் குற்றம்.”

அவள் தேநீரை ஊற்றிக்கொண்டு, “தொடர்ந்து சொல்லு,” என்றாள்.

வேலை தொடங்கியது. தொழில்நுட்பத்தை விடுகிறேன், அது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். நான் சொல்லவந்தது, அதற்குப் பிறகு செய்த முட்டாள்தனத்தை. புனிதரைத் தரையில் வைத்ததும் என்ன நடக்கவேண்டும்? நான் உடனே இடியைக் கொண்டுவந்தேன். புனிதருக்கு ரோஷம் வரும், வானம் கறுக்கும், பிரபுவின் கோட்டையில் தீ விழும். தீ நன்றாகவே வந்திருந்தது. ஜெனிற்றாவைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

“உது பழைய மெஷின்தான், சேந்தன். முந்தித் திரி போட்டனாங்கள், இப்ப முள்ளுப் போடுறம். அவ்வளவுதான்.”

“அப்ப என்ன நடக்கவேணும்?”

“எனக்கெப்பிடித் தெரியும்? நீதானே படிச்சனி.” என் மேசை விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். “அம்மான்ர தோடு கிடைச்சிட்டுது, தெரியுமோ?”

“எப்பிடி?”

“வீட்ட வாற சனம் எல்லாம் அந்தோனியாரைப் பாத்திட்டு ஏன் எண்டு கேக்கும். அம்மா ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து கதை சொல்லுவா. கேட்டவை சும்மா இருப்பினமே? ஒருத்தர் கார் சீற்றுக்குக் கீழ பாத்தார். பக்கத்து வீட்டு அன்ரி ஃபிரிட்ஜுக்குப் பின்னால பாத்தா. நேற்று அத்தான் வாக்யூம் கிளீனர் பையை வெளியில கொண்டுபோய்க் கொட்டிக் கிளறினார். கிடந்துது.”

“அப்ப கண்டுபிடிச்சது அத்தான்.”

“அதை அம்மாட்டைச் சொல்லிப் பார். அந்தோனியாருக்கு மாலை. அத்தானுக்கு ரெண்டாவது துண்டு கேக்.”

தீயை அன்றைக்கே அணைத்துவிட்டேன்.

திரும்பி நின்ற சுரூபத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் ஏன் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் தோட்டைத் தேடியது. மடத்துத் தரையில் கிடந்த புனிதரும் இதைத்தான் செய்திருப்பார். திருப்பலிக்கு வருகிற நெசவாளி பார்ப்பாள்: எங்கள் புனிதர் ஏன் நிலத்தில்? யார் இப்படிச் செய்யவைத்தது? சந்தை முழுக்க அந்தப் பேச்சு. பிரபுவின் குதிரைக்காரனும் சமையல்காரியும் அதே ஊர்க்காரர்கள்தானே. நீதிமன்றத்துக்குப் போக வழியில்லாத சனத்துக்கு அந்த வெள்ளிக் கை ஒரு வழக்கறிஞர். வாய் திறக்காத வழக்கறிஞர்.

ஆகவே புதிய பதிப்பில் அற்புதமே கிடையாது. புனிதரைத் தரையில் வைத்தால் ஊர்ச்சனம் ஒவ்வொருவராக வந்து ஏன் என்று கேட்பார்கள். விளையாடுபவர் பதில் சொல்லவேண்டும். பதிலைக் கேட்டவர்கள் பிரபுவுக்கு வேலை செய்ய மறுப்பார்கள். கடைசியில் அவர் வெறுங்காலோடு வருவார், புல்வெளியைத் திருப்பித் தருவார். அத்தோடு காட்சி முடியும்.

அந்த நாள் வந்தது. வெளியிடும் நிறுவனத்து ஆட்கள் இருவரும் பின்னால் சோபாவில். விளையாட வந்தவள் தர்ஷி, டோர்செட் பார்க்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். நூலகத்து அறிவித்தல் பலகையில் எங்கள் விளம்பரத்தைப் பார்த்து வந்தவள். புனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் வீட்டில் பிள்ளையார். ஜெனிற்றாவும் நானும் சுவரோரம் நின்றோம். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: விளையாடுகிறவருக்கு உதவி செய்யாதே, வாயைத் திறக்காதே.

தர்ஷி நன்றாகத் தொடங்கினாள். ஊரைச் சுற்றினாள், நெசவாளிகளோடு பேசினாள். பிரபு புல்வெளியைப் பிடித்தார். மடத்துக்குள் போனாள். வெள்ளிக் கைக்கு முன்னால் நின்றாள். திரையில் எழுத்து வந்தது: இவரைத் தரையில் இறக்கி வை.

அவள் பின்வாங்கிவிட்டாள்.

“இல்லை. அது சரியில்லை. பாவம்,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வெளியே போனாள். பிரபுவோடு பேசப் பார்த்தாள், அவர் கேட்கவில்லை. காசு கொடுக்கப் பார்த்தாள், வாங்கிக்கொண்டு சிரித்தார். திரும்ப மடத்துக்கு வந்தாள், எழுத்தைப் பார்த்தாள், திரும்ப வெளியே போனாள். சோபாவில் ஒருவர் கைபேசியை எடுத்துவிட்டார்.

ஹர்லீன் என் காதருகே குனிந்தாள். “ஒரு சின்னக் குறிப்புக் கொடு. ஒன்றே ஒன்று.”

ஜெனிற்றா என்னைப் பார்க்கவில்லை. கழுத்துச் சங்கிலியின் சிலுவையை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். ஒரு வசனம் போதும்: “அதை அமத்துங்கோ, ஒண்டும் நடக்காது.” சொல்லியிருந்தால் தர்ஷி அழுத்தியிருப்பாள், காட்சி ஒழுங்காக ஓடியிருக்கும். ஆனால் எனக்கு அந்தக் கொட்டாவிப் பையன் நினைவுக்கு வந்தான். அவன் யோசிக்காமல் அழுத்தினான். இவள் அழுத்த மறுக்கிறாள். கெரி அண்ணைக்காக முதல்முறையாக ஒரு மனுஷி யோசிக்கிறாள். அதை நான் போய்க் கெடுப்பதா? தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். ஹர்லீன் என்னைப் பார்த்த பார்வையில் நானும் வேலையை இழந்துவிட்டது போல இருந்தது.

திரையில் ஒரு கிழவி மடத்துக்குள் வந்தாள். அது ஜெனிற்றா சும்மா வரைந்து சேர்த்த ஒரு சின்னக் காட்சி. பிரபுவின் ஆட்கள் அவளுடைய வாத்துகளைக் கொண்டுபோய்விட்டார்கள். வெள்ளிக் கைக்கு முன்னால் நின்று முறையிடுகிறாள். கை அப்படியே இருக்கிறது: பொறு, வாறன். கிழவி வெறுங்கையோடு திரும்பிப் போகிறாள்.

தர்ஷி கதிரையை முன்னால் இழுத்தாள். தமிழ் வந்துவிட்டது.

“ஏனப்பா சும்மா இருக்கிறியள்? அந்தக் கிழவிக்கு வாத்தாவது எடுத்துக் குடுக்கக்கூடாதோ?” என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். கை பீடத்தைவிட்டு இறங்கியபோது, “சொறி, சொறி. கொஞ்ச நேரந்தான்,” என்றாள்.

சோபாவில் இருந்தவர் நிமிர்ந்தார். “என்ன சொல்கிறாள்?”

“மன்னிப்புக் கேட்கிறாள்,” என்றேன்.

“யாரிடம்?”

“புனிதரிடம்.”

அவர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

அதன் பிறகு நடந்தது விளையாட்டல்ல. சனம் ஒவ்வொருவராக வந்து ஏன் என்று கேட்டது. தர்ஷி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொன்னாள், அன்ரி மாதிரியே. பிரபுவின் சமையல்காரி பாண் சுட மறுத்தபோது மேசையில் தட்டிச் சிரித்தாள். பிரபு வெறுங்காலோடு வந்தார், முழங்காலிட்டார், புல்வெளியைத் தந்தார். காட்சி முடிந்தது. ஹர்லீன் கைதட்டத் தொடங்கினாள்.

தர்ஷி எழும்பவில்லை.

“அவரைத் தூக்கி வைக்கிறது எங்க?” என்றாள்.

ஜெனிற்றாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். இறக்கி வைக்க எல்லாம் செய்திருந்தோம். முள் ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. திரும்பப் பீடத்தில் ஏற்றுவதை நாங்கள் இருவரும் அடியோடு மறந்துபோயிருந்தோம். தோடு கிடைத்த அன்றைக்கு அன்ரி முதலில் செய்த வேலை அந்தோனியாரைத் திருப்பியது. அதைத் தன் கண்ணால் பார்த்தவள் ஜெனிற்றா. கேட்டவன் நான். இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

“காட்சி முடிந்துவிட்டது, மிக நன்றி,” என்று ஹர்லீன் சமாளித்தாள்.

“இல்லை, இல்லை. அவரை முள்ளுக்குள்ள விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?” தர்ஷி என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, உண்மையா எந்தப் பட்டன்?”

பொய் சொல்லலாம். பிழையாக ஓடுகிறது, மன்னியுங்கள் என்று திரையை மூடலாம். “இன்னும் செய்யேல்லை. மறந்துபோனம்,” என்றேன். அதையே சோபாவைப் பார்த்து ஆங்கிலத்திலும் சொன்னேன்.



“மறந்தனீங்களோ?” தர்ஷிக்கு உண்மையாகவே கோபம். “அப்ப எப்ப செய்வியள்?”

“செவ்வாய்க்கிழமை,” என்றாள் ஜெனிற்றா. அது அந்தோனியாரின் நாள் என்பது அந்த அறையில் எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

“சரி. செவ்வாய்க்கிழமை வேலை முடிய வாறன்.” எழும்பி, கோட்டை மாட்டிக்கொண்டு, திரையை ஒருமுறை பார்த்து, “பொறுங்கோ, வாறன்,” என்று கெரி அண்ணையிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

சோபாவில் இருந்த இருவரும் திரையில் முள்ளுக்குள் கிடந்த கையைப் பார்த்தார்கள். பிறகு மூத்தவர் ஹர்லீனிடம் கேட்டார்: “இப்படி எழும்ப மறுத்த ஆள் இதற்கு முன்னால் யாராவது உண்டா?”

“இல்லை,” என்றாள் ஹர்லீன்.

“அப்படியானால் புனிதர்கள் இருக்கட்டும். ஆனால் அவரைத் தூக்கி வைக்க ஒரு வழி செய்யுங்கள். எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.”

ஜெனிற்றா கழிவறைக்குப் போய் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். “செவ்வாய்க்கிழமைக்கு எப்பிடியடா முடிக்கிறது?” என்று என்னைத்தான் ஏசினாள்.

முடித்தோம். முள்ளை ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும், துணியால் துடைக்கவேண்டும், இரண்டு கையாலும் தூக்கவேண்டும். நீங்கள் எல்லோரும் விளையாடியிருக்கிறீர்கள். நம்முடைய கேமில் சனம் அதிகம் பேசுவது அந்த இடத்தைப் பற்றித்தான். தர்ஷி சொன்னபடி வந்து, அதைச் செய்துவிட்டுத்தான் இரவுச் சாப்பாட்டுக்குப் போனாள்.

ஆகவே, ஒருவர் உங்கள் திரைக்கு முன்னால் தயங்கினால் அவசரப்பட்டு உதவாதீர்கள். தயக்கம்தான் நீங்கள் சம்பாதித்தது. செய்ய மறந்ததை மறந்தோம் என்று சொல்லுங்கள். கோபிக்கிற ஆள் திரும்பி வருவார். மிச்சத்தை ஜெனிற்றாவிடம் கேளுங்கள், அவள் இங்கேதான் இருக்கிறாள். கேட்காமலும் சொல்லுவாள்.

நான் என்ன செய்யப்போகிறேன்? போன மாதம் மல்வேர்னில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தோனியாரின் அடிப்பாகத்தில் ஒரு வெடிப்பைக் கண்டேன். அன்ரி ஊரைவிட்டு வரும்போது துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்ததாம், வழியில் எங்கோ அடிபட்டதாம். அந்தக் காலத்திலும் கடற்கொள்ளையருக்குப் பயந்து ஓடிய துறவிகள் தங்கள் புனிதரின் எலும்புகளைத் தோளில் சுமந்துகொண்டு வருடக்கணக்காக ஊர் ஊராகத் திரிந்திருக்கிறார்கள். எங்கே இறக்கி வைத்தார்களோ அங்கே ஒரு ஊர் முளைத்தது. அதைத்தான் ஒரு கேமாகச் செய்யப்போகிறேன். தனியாக, சின்னதாக, என் வீட்டு நிலவறையில்.

ஜெனிற்றா ஒரு படம் வரைந்து தந்திருக்கிறாள். பனிக்குள் சனம் நடக்கிறது, நான்கு பேர் தோளில் புனிதர். அதைப் பார்த்துவிட்டு அன்ரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உவர் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு போறார்? விட்டிட்டு வாற ஊரையோ, போற இடத்தையோ?”

எனக்குத் தெரியவில்லை. புனிதரை இரண்டு பக்கமும் திருப்பக்கூடியதாகச் செய்யப்போகிறேன். பிறகு தர்ஷியைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு, அவள் எந்தப் பக்கம் திருப்புகிறாள் என்று பார்க்கவேண்டும்.